ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் பின் தண்டர்பேர்ட் 350: எஞ்சினை முழுவதும் பிரிப்பதா, மேல் பாகத்தோடு நிறுத்துவதா, வண்டியையே மாற்றுவதா?

2012-இல் இருபது லிட்டர் பெட்ரோல் டேங்க், பின்சக்கர டிஸ்க் பிரேக், புரொஜெக்டர் விளக்கு ஆகியவற்றோடு புதுப்பிக்கப்பட்டு வந்த ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350, நெடும்பயணம் போகிறவர்கள் விரும்பி வாங்கிய வண்டி. அந்தத் தலைமுறையில் நன்றாக ஓட்டப்பட்ட வண்டிகள் இப்போது ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி நிற்கின்றன. பெரிய பராமரிப்பை இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலையில், அதை எங்கே, எந்த அளவுக்கு, எந்த வரிசையில் செய்வது என்பதே உரிமையாளரின் கேள்வி. இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி 2013-இல் பதிவானது; ஓடோமீட்டர் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைக் கடந்தது; எஞ்சின் இதுவரை திறக்கப்படாதது. அடுத்த ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து லே வரை போய்வரும் திட்டமும் அதற்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகும் தூரம் மட்டுமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பதால், உள்ளூரில் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிற எதையும் அந்தப் பயணத்தில் விட்டுவைக்க முடியாது.

பொதுவாகப் பேசப்படும் வழிகள் நான்கு. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விட்டு எஞ்சினை இறக்கி, முழுவதும் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றிவிடுவது ஒன்று. அதே வேலையை நெடுநாள் அனுபவமுள்ள தனியார் புல்லட் மெக்கானிக்கிடம் கொடுப்பது இன்னொன்று. எஞ்சினின் மேல் பாகத்தையும் (சிலிண்டர், அதன் மூடியான ஹெட், பிஸ்டன்) கிளட்ச் பக்கத்தையும் மட்டும் செய்துவிட்டு, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கைத் தொடாமல், மிஞ்சும் பணத்தை ஃபோர்க், பிரேக், வயரிங் ஆகியவற்றில் போடுவது மூன்றாவது. வண்டியை விற்றுவிட்டு மீட்டியோர் 350 போன்ற புதிய வண்டிக்குப் போவது நான்காவது.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஒரு பழைய எஞ்சினை வாங்கி அப்படியே மாட்டிவிடலாம் என்ற ஐந்தாவது யோசனையும் அடிக்கடி காதில் விழும். அதை இங்கேயே முடித்துவிடலாம். ஆர்.சி.யில் எஞ்சின் எண் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றிய எஞ்சினை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதியாமல் ஓட்டினால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையும், வெளிமாநிலச் சோதனையில் வண்டியும் சிக்கலில் மாட்டும். அந்த எஞ்சின் எவ்வளவு ஓடியது, எண்ணெய் இல்லாமல் ஓடியதா என்பதெல்லாம் விற்பவருக்கே தெரிந்திருக்காது. தெரிந்த தேய்மானத்தைக் கொடுத்துத் தெரியாத தேய்மானத்தை வாங்குவதில் லாபம் எதுவும் இல்லை.

இந்த எஞ்சின் தேயும் விதம்

தண்டர்பேர்டில் இருப்பது யு.சி.இ. என்று அழைக்கப்படும் எஞ்சின். கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள் அமைந்தது. கொள்ளளவு 346 சி.சி., சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர். நீண்ட ஓட்டம் கொண்ட எஞ்சின் என்பதால் குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைக்கிறது. உச்ச இழுவிசையான 28 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே வந்துவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலை பிஸ்டனின் வேகம். 4,000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர். உச்சத் திறன் கிடைக்கும் 5,250 சுழற்சியில் அது ஏறக்குறைய 15.75 மீட்டராகிறது. சுழற்சி கூடும்போது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் விழும் நிலைமச் சுமை வேகத்தின் விகிதத்தில் அல்லாமல் அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடுகிறது. எண்பதில் நிதானமாக ஓட்டி ஒரு லட்சம் சேர்த்த வண்டியும், நாற்கரச் சாலையில் நூற்றுப் பத்தில் முறுக்கி ஒரு லட்சம் சேர்த்த வண்டியும் ஒரே எண்ணைக் காட்டலாம். அவற்றின் கிராங்குகள் ஒரே நிலையில் இருக்கமாட்டா. எனவே 'லட்சம் தாண்டினால் எஞ்சினை இறக்கியாக வேண்டும்' என்று ஓடோமீட்டரை மட்டும் பார்த்துச் சொல்லும் விதியை நான் ஏற்பதில்லை.

வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகள் எண்ணெய் அழுத்தத்தால் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகை. இடைவெளி வைக்கும் வேலை இதனால் மிச்சமாகிறது. ஆனால் எண்ணெய் அழுக்கானால் முதலில் குரல் கொடுப்பதும் இவைதான். எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் என்பதால் கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிரும் துகளும் அதே எண்ணெயில்தான் சுற்றுகிறது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் தவறாமல் மாறிய வண்டியா என்பது, அதன் உள்ளே என்ன இருக்கும் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடும்.

இந்த எஞ்சினின் பேர்பெற்ற பலவீனம் ஸ்டார்ட்டரை கிராங்கோடு இணைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச். பேட்டரி பலம் குறைந்த நிலையில் பட்டனை அழுத்தி, எஞ்சின் எதிர்த்து உதைக்கும் ஒவ்வொரு முறையும் அது அடிவாங்குகிறது. தண்டர்பேர்டில் கிக்கர் இருப்பதால் ஸ்ப்ராக் போனாலும் நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் உடைந்த துண்டுகள் உள்ளே சுற்றுவதை அனுமதிக்க முடியாது. ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வந்தால், கிக்கர் இருக்கிறதே என்று தள்ளிப்போடுவது தவறு.

திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய சாட்சியம்

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதல் செலவு சோதனைக்காக இருக்க வேண்டும். இதற்கு ஆகும் பணம் மிகக் குறைவு. இதைத் தவிர்த்துவிட்டு எடுக்கும் முடிவில் வீணாகும் பணம் மிக அதிகம்.

புகையிலிருந்து தொடங்கலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஆக்சிலரேட்டரை மூடி கியரிலேயே இறங்கிவந்து, சமவெளியில் திரும்ப முறுக்கும்போது பின்னால் வருகிறவருக்கு ஒரு கணம் நீலப் புகை தெரிந்தால், வால்வு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடும் அதன் சீலும் தேய்ந்து, உறிஞ்சும் வெற்றிடம் எண்ணெயை உள்ளே இழுக்கிறது என்று பொருள். மாறாக, ஏற்றத்தில் சுமையோடு முறுக்கும்போதெல்லாம் தொடர்ந்து புகை வருவதும், எஞ்சின் கூட்டின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக எண்ணெய் ஏர் ஃபில்டர் பெட்டியில் சேர்வதும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குவதைக் காட்டுகின்றன. முதலாவது ஹெட்டின் வேலை. இரண்டாவது சிலிண்டரின் வேலை. இரண்டுக்கும் 'புகை அடிக்கிறது, எஞ்சின் போய்விட்டது' என்ற ஒரே தீர்ப்பை வழங்குகிறவரிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது.

கம்ப்ரஷன் சோதனை செய்யும்போது முதலில் உலர்ந்த நிலையிலும், பிறகு பிளக் துளை வழியாகச் சில சொட்டு எண்ணெய் விட்டும் அளக்க வேண்டும். எண்ணெய் விட்டபின் அழுத்தம் கணிசமாக ஏறினால் குறை ரிங்கிலும் சிலிண்டரிலும் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. லீக்டவுன் கருவி வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். அழுத்தக் காற்றை உள்ளே விட்டு, அது சைலன்சர் வழியாகச் சீறுகிறதா, கார்ப்புரேட்டர் வழியாகவா, பிரீதர் வழியாகவா என்று காதை வைத்தே கேட்டுவிடலாம். எண்ணெய் குறையும் அளவையும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி அளந்து எழுதிவைக்க வேண்டும்.

கீழ்ப் பாகத்தைப் பற்றிய சாட்சியம் இரண்டு இடங்களில் கிடைக்கிறது. முதலாவது, எண்ணெய் மாற்றும்போது எடுக்கும் பழைய ஃபில்டர். அதை எறியாமல் அறுத்து, மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரித்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் எஃகுச் செதில்கள் பேரிங்கையோ பல்சக்கரத்தையோ குறிக்கும். ஒட்டாத வெள்ளிநிறத் துகள் பிஸ்டனையோ கூட்டையோ குறிக்கும். இரண்டாவது, சத்தம். குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறையும் தட்டல் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவது; அதோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடலாம். சூடேறியபின்பும் ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும்போது கேட்கும் கனமான இடி கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பெரிய முனையிலிருந்து வருகிறது. அது கேட்டபின் நீண்ட பயணத்துக்குத் தேதி குறிப்பதில் பொருள் இல்லை.

முழு ஓவர்ஹால்: சர்வீஸ் சென்டரா, தனியார் பட்டறையா

சர்வீஸ் சென்டரில் கொடுப்பதன் நன்மை வெளிப்படை. உதிரிபாகம் அசலானது, பில் கிடைக்கும், கிளட்சையும் மேக்னட்டையும் கழற்றுவதற்கான சிறப்புக் கருவிகளும், நட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் அங்கே இருக்கும். பாகத்தில் குறை இருந்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கும். நெடுந்தொலைவு போகிறவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் செப்பனிடும் வேலையாக இல்லாமல் மாற்றும் வேலையாக இருக்கிறது. கனெக்டிங் ராடில் ஆட்டம் இருந்தால் கிராங்கை அழுத்திப் பிரித்து, ராடு கிட் போட்டு, இரு முனைகளிலும் தாங்கிச் சுழற்றி டயல் கேஜால் அளந்து நேராக்குவதைவிட, முழு கிராங்கையே மாற்றிவிடுவது அவர்களுக்கு எளிது, செலவு உரிமையாளருடையது. மேலும் யு.சி.இ. எஞ்சின் உற்பத்தியிலிருந்து விலகிவிட்டதால், இன்று புதிதாகப் பயிற்சி பெற்றுவரும் இளம் மெக்கானிக்குகளின் கைக்கு அன்றாடம் வருவது அதற்குப் பின் வந்த ஜே வரிசை எஞ்சின்களே. பழைய எஞ்சினைப் பலமுறை பிரித்துக் கோத்தவர் அந்தக் கிளையில் இருக்கிறாரா, அவரே இந்த வேலையைச் செய்வாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வண்டியை விட்டால், அசல் பாகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி பலன்தான் கிடைக்கும். சுருக்கமாக, இடத்தைத் தேர்வதைவிடக் கையைத் தேர்வதே இங்கும் முக்கியமாகிறது.

தனியார் புல்லட் மெக்கானிக்கின் பலம் அந்தக் கையும் காதும்தான். திருவொற்றியூரில் வண்டி தயாரான காலத்திலிருந்து இந்தக் குடும்பத்து எஞ்சின்களைக் கேட்டுப் பழகியவர்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பெரிய ஊரிலும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் இருப்பவருக்குக் கூடுதல் வசதி, நல்ல லேத் பட்டறைகள் கூப்பிடு தூரத்தில் இருப்பது. வால்வு கைடு இறக்கி ரீமர் போடுவது, சீட் வெட்டுவது, கிராங்கை நேராக்குவது போன்ற நுண்ணிய வேலைகளுக்கு வெளியூர் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. கூலி குறைவு. பக்கத்தில் நின்று பார்க்கலாம். கழற்றிய ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்து, மாற்றலாமா வேண்டாமா என்று பேசி முடிவெடுக்கலாம்.

அபாயங்களும் உண்டு. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து சிற்றூர்க் கடைகள்வரை போலி உதிரிபாகம் அசல் போன்ற பெட்டியிலேயே கிடைக்கிறது. பேரிங், ஆயில் சீல், ஹைட்ராலிக் டேப்பெட் ஆகிய மூன்றிலும் போலியைப் போட்டுவிட்டால் மொத்த வேலையும் வீண். எனவே பாக எண்களைப் பட்டியலிட்டு, அங்கீகாரம் பெற்ற விற்பனை மையத்தில் நாமே வாங்கி பில்லோடு கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. அனுபவமுள்ள மெக்கானிக் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். இன்னொன்று, நட்டு இறுக்கும் பழக்கம். 'கை அளவுக்கு' இறுக்குவதை அனுபவமாகப் பலர் கருதுகிறார்கள். அலுமினியக் கூட்டுக்குள் இறங்கும் ஸ்டட்களுக்கு அது பொருந்தாது. ஹெட்டைக் குறுக்கும் மறுக்குமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும் என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே மரியாதையோடு பேசிக்கொள்ள வேண்டும். 'அண்ணே, ரெஞ்சு நான் கொண்டுவரேன்' என்று சொல்வதில் கூச்சம் தேவையில்லை.

மூன்றாவது வழி ஏன் பலமானது

முழு ஓவர்ஹால் ஒரே முடிவாகத் தெரிந்தாலும் உண்மையில் அது இரண்டு முடிவுகள். ஹெட், சிலிண்டர், பிஸ்டன் ஆகியவற்றை எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்காமலே கழற்றலாம். இடப்பக்க மூடியைத் திறந்தால் கிளட்ச், பிரைமரி செயின், அதன் டென்ஷனர் பட்டை, ஸ்ப்ராக் ஆகியவை எல்லாம் கைக்கு எட்டும். கிராங்கையும் கியர்பாக்ஸையும் தொட வேண்டுமானால் மட்டுமே எஞ்சின் கீழே இறங்கிக் கூடு பிளக்கப்படுகிறது. நேரத்திலும் கூலியிலும் பெரும்பங்கு அந்தக் கடைசிக் கட்டத்துக்கே போகிறது.

மேல் பாகத்தைத் திறந்ததும் கீழ்ப் பாகத்தைச் சோதிக்கும் வாய்ப்பு தானாக வந்துவிடுகிறது என்பதே இந்த வழியின் சிறப்பு. பிஸ்டனைக் கழற்றியபின் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் கையில் உணரும் அளவுக்கு இருக்கவே கூடாது. இருந்தால் அந்த நிமிடத்தில் வேலை முழு ஓவர்ஹாலாக மாறுகிறது. இல்லையென்றால் கிராங்கை அதன் போக்கில் விடலாம். முன்கூட்டியே முழுவதும் பிரிக்க ஒப்புக்கொண்டவருக்கு இந்த இடைநிலைத் தீர்மானம் கிடைப்பதில்லை.

'மேலே புதுசு போட்டால் கீழே அடிவாங்கும்' என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பதில் பாதி உண்மை இருக்கிறது. கம்ப்ரஷன் மீண்டும் கூடும்போது பெரிய முனைப் பேரிங்கின் சுமையும் கூடுகிறது. ஏற்கனவே தேய்ந்த பேரிங் அதற்குப் பிறகு விரைவில் போய்விடும். ஆனால் மேல்கீழ் ஆட்டம் இல்லாத, ஃபில்டரில் செதில் இல்லாத கிராங்குக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 8.5-தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புது ரிங் போடுவதால் உள்ளழுத்தம் தொழிற்சாலையில் இருந்த நிலைக்குத் திரும்புமே தவிர அதைத் தாண்டாது. அதே நேரத்தில், நல்ல நிலையில் உள்ள கூட்டைத் தேவையில்லாமல் பிளப்பதும் தீங்கற்றது அல்ல: தொழிற்சாலையில் அழுத்திப் பொருத்தப்பட்ட பேரிங் இருக்கைகள் ஒருமுறை தளர்ந்தால் முன்பிருந்த பிடிப்பு வராமல் போகலாம்.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரு திசைகளிலும் போர் கேஜால் அளக்க வேண்டும். தேய்மானம் கம்பெனி எல்லைக்குள் இருந்தால் சிலிண்டர் சுவரை லேசாகத் தீட்டி (ஹோனிங்) ரிங் செட் மட்டும் போடலாம். தாண்டியிருந்தால் பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த கிட்டாக மாற்றிவிடுவதே இன்று நடைமுறை. ஹெட்டில் கைடு, சீல், வால்வு இருக்கை. கிளட்ச் பக்கத்தில் பிளேட், ஸ்பிரிங், டென்ஷனர் பட்டை. ஸ்ப்ராக் நன்றாக இருந்தாலும், இந்த ஓட்டத்தில் மாற்றிவிடுவது என் தேர்வு.

இப்படிக் கூட்டைப் பிளக்காமல் மிச்சமாகும் பணம் போக வேண்டிய இடம் சேஸி. எஞ்சின் நின்றால் பயணம் நிற்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோ, ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன் செட்டோ, பிரேக் ஹோஸோ கைவிட்டால் ஆள் விழுவார். லட்சம் கிலோமீட்டர் வண்டிகளில் எஞ்சினுக்கு ஐம்பதாயிரம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் இவற்றுக்கு ஆயிரங்களில் செலவழிக்கத் தயங்குவது வேடிக்கையான கணக்கு. கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், இரு சக்கர பேரிங்குகள், பின்சக்கரக் கப்ளிங் ரப்பர், ஃபோர்க் ஆயிலும் சீலும், செயின் ஸ்ப்ராக்கெட் ஆகியவற்றை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். ரப்பரால் ஆன பிரேக் ஹோஸ்களுக்கு ஓட்டத்தைவிட வயதே பகை. பத்தாண்டு தாண்டியவற்றை வெளியில் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் போட்டுவிட வேண்டும். பின் ஷாக் அப்சார்பர்கள் லே சாலையில் முதுகுக்கும் பெட்டி கட்டிய கேரியருக்கும் பதில் சொல்ல வேண்டியவை; பழையவற்றைக் கொண்டு போவது சரியாகாது.

மின்சாரப் பகுதியில் முதலில், பேட்டரிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை மூவாயிரம் சுழற்சியில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். விளக்கைப் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் மேக்னட் காயிலோ, ரெகுலேட்டரோ, வெந்து கருத்த கனெக்டரோ காரணமாக இருக்கும். கூடுதல் விளக்குகளும் போன் சார்ஜரும் மாட்டிய வண்டிகளில் கனெக்டர்தான் பெரும்பாலும் குற்றவாளி. பேட்டரியைப் புதிதாகப் போடுவது ஸ்ப்ராக்குக்கும் காப்பு.

பெட்ரோல் வழியும் இப்போது தனிக் கவனம் கேட்கிறது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2025 வாக்கில் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. 2013-ஆம் ஆண்டு வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் டேங்கின் அடியில் துருவும் பிடிக்கும். பெட்ரோல் ஹோஸ், டேங்க் காக்கின் வாஷர்கள், கார்ப்புரேட்டரின் ஓ-ரிங்குகள், அதன் வெற்றிட டயாஃப்ரம், எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டு ஆகியவற்றை எஞ்சின் வேலையோடு சேர்த்தே மாற்ற வேண்டும். மேனிஃபோல்டில் விழும் மயிரிழை வெடிப்பு வழியே காற்று புகுந்தால் கலவை மெலிந்து, புதிதாகப் போட்ட பிஸ்டன் சூட்டில் பிடிக்கும். அந்த ஒரு ரப்பருக்காக மொத்தப் பணமும் போவதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய வண்டி

நான்காவது வழியை உணர்ச்சியால் ஒதுக்கிவிடக் கூடாது. 2020 நவம்பரில் வந்த மீட்டியோர் 350-இல் இருக்கும் ஜே வரிசை எஞ்சின் 349 சி.சி.; திறனிலும் இழுவிசையிலும் பழையதற்கு ஏறக்குறைய சமம்தான் என்றாலும், அதில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் இருக்கிறது, எரிபொருள் ஊசிவழி செலுத்தப்படுகிறது, இரு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது. மலைக்கணவாய்களில் ஊசிவழி எரிபொருளின் நன்மை பெரிது. ஐயாயிரம் மீட்டருக்கு மேலுள்ள கார்டுங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கார்ப்புரேட்டர் வண்டியில் அங்கே கலவை தடித்துத் திணறும், தேய்ந்த ரிங் இருந்தால் இன்னும் திணறும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததால் விலை இடைவெளியும் சுருங்கியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில், டேங்க் பதினைந்து லிட்டர்; கிக்கர் கிடையாது; வால்வு இடைவெளியை அவ்வப்போது பார்க்க வேண்டும். சாலைக்கு வரும்போது ஆகும் விலை இன்னமும் இரண்டு லட்சத்துக்கு மேல். லட்சம் ஓடிய பழைய வண்டிக்குக் கிடைக்கும் பணம் அதில் சிறு பங்குதான். பதிவு முடிய இன்னும் ஓரிரு ஆண்டுகளே இருக்கும் வண்டிக்கு அதுவும் குறையும். ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வோடு புதுப்பிக்கப்பட வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. 2013-ஆம் ஆண்டு வண்டிக்கு அந்தக் கட்டம் 2028-இல் வருகிறது. பெரிய பணம் இல்லை என்றாலும், இப்போது செய்யும் வேலை ஃபிரேமையும் விளக்கையும் பிரேக்கையும் அந்த ஆய்வுக்குத் தயாராக்குகிறதா என்று பார்த்துச் செய்வது புத்திசாலித்தனம்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற அச்சத்தால் புது வண்டிக்குப் போகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். தண்டர்பேர்ட் 2020-இல் நின்றுபோனாலும், அதே குடும்ப எஞ்சின் கிளாசிக் 350-இலும், 2023 வரை புல்லட் 350-இலும் இருந்தது. எனவே எஞ்சின் பாகங்களுக்கு இன்னும் பல ஆண்டுகளுக்குப் பஞ்சம் இருக்காது. தட்டுப்படப் போவது தண்டர்பேர்டுக்கே உரிய டேங்க், மீட்டர், புரொஜெக்டர் விளக்குக் கூடு ஆகியவைதான். விபத்தில் அவை நொறுங்கினால் வண்டியைக் காப்பது கடினமாகும்.

என் தேர்வும், அது மாறும் இடங்களும்

மேலே சொன்ன வண்டிக்கு, தனியார் மெக்கானிக்கிடம், நாமே வாங்கிய அசல் பாகங்களோடு, மூன்றாவது வழியில் தொடங்குவதையே நான் தேர்வேன். ஃபில்டரில் எஃகுச் செதிலோ, ராடில் மேல்கீழ் ஆட்டமோ, சுமையில் கனத்த இடியோ இருந்தால் அந்தக் கணமே முழு ஓவர்ஹால். கியர் தானாக நழுவி விழும் வண்டிக்கும் அதே தீர்ப்பு, ஏனென்றால் எப்படியும் கூடு பிளக்கப்படத்தான் போகிறது. நம்பகமான தனியார் கை ஊரில் இல்லையென்றால், செலவு கூடினாலும் சர்வீஸ் சென்டர். ஃபிரேமின் பற்றவைப்பு இடங்களில் துரு உள்ளிறங்கியிருந்தாலோ, விபத்தில் ஃபிரேம் வளைந்திருந்தாலோ, எஞ்சினைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டுப் புதிய வண்டியைப் பார்க்க வேண்டும்.

காலத்தைத் திட்டமிடுவதும் வழியைத் தேர்வதைப் போலவே முக்கியம். ஜூனில் புறப்பட வேண்டுமானால், வடகிழக்குப் பருவமழையில் வண்டி ஓய்வாக நிற்கும் நாட்களில் சோதனைகளை முடித்து, டிசம்பருக்குள் பாகங்களை வாங்கிச் சேர்த்து, ஜனவரியில் வேலையைத் தொடங்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் எஞ்சினைத் திறந்து மே முடிவில் கோத்து அப்படியே வடக்கே கிளம்புவதைவிட, பழைய ரிங்கோடு போவதே மேல். புது ரிங் சிலிண்டரில் படிய இரண்டாயிரம் கிலோமீட்டராவது வேண்டும். அதை ஒரே வேகத்தில் நாற்கரச் சாலையில் ஓட்டாமல், மலையிலும் ஊருக்குள்ளும் ஏற்ற இறக்கமான சுழற்சியில், உயர்ந்த கியரில் திணறவிடாமல் ஓட்ட வேண்டும்.

ஐந்நூறு கிலோமீட்டரில் முதல் எண்ணெயை வடித்து ஃபில்டரை அறுத்துப் பார்க்கும்போது மெல்லிய உலோகப் பொடி தெரிவது இயல்பு. அது ரிங் படிவதால் வருவது. இரண்டாயிரத்தில் மறுபடி வடிக்கும்போது அந்தப் பொடி ஏறக்குறைய இல்லாமல் போயிருக்க வேண்டும், ஹெட்டின் நட்டுகளை மறுபடி டார்க் பார்த்திருக்க வேண்டும், எண்ணெய் அளவு கண்ணாடியில் இறங்காமல் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் மே மாதத்தில் டயரை மாற்றிக்கொண்டு பெட்டியைக் கட்டலாம். செதில் தெரிந்தால் அந்த ஆண்டு லே திட்டத்தை விட்டுவிட்டு, கூட்டைப் பிளக்க மெக்கானிக்கிடம் நாள் கேட்க வேண்டியதுதான்.